ஜாஸுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்போர்க்கு

ஓர் இசை பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தால் அதன் உயிர் போய்விடும் என்று கூறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையைப் பற்றி இக்கூற்று சென்ற ஐம்பது ஆண்டுகளாக ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் உலவி வருகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இ.சி.எம். என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனமே ஜாஸைக் கெடுத்தது என்பது அது. குருதி ஓடிய இசையை அந்நிறுவனம் பனிக்கட்டியாக உறைய வைத்துவிட்டதாம்; கறுப்பின மக்களின் வியர்வையைத் துடைத்தெறிந்துவிட்டு, ஐரோப்பியக் கனவான்கள் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்கும் பண்டமாக்கிவிட்டதாம். இக்குற்றச்சாட்டின் பெரும்பகுதி பிழையானது என்பதும், எஞ்சிய சிறுபகுதியில் உள்ள உண்மையைக் குற்றம் சாட்டுவோரே சரியாக எடுத்துரைக்கவில்லை என்பதும் நம் துணிபு.

கம்பனையும் இளங்கோவையும் பேசும் சங்க மலரில் ஜாஸுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்நிறுவனத்தின் இசைத்தட்டுப் பட்டியலில் நம்மவர் சிலர் பெயர் இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வோம். அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மிடம், ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊர் செல்லும்போது, “உங்கள் பிள்ளைகள் பேசுவது தமிழா?” என்று உறவினர் கேட்கின்றனர். அக்கேள்வியும் ஜாஸைப் பற்றிய இக்கேள்வியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே விடையையும் நாம் தேடித்தான் ஆகவேண்டும்.

ஜாஸ் என்றால் இரவு விடுதி இரைச்சல் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் இருப்பதால் ஒரு சொல். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சூழ வளர்த்தெடுத்த இசை அது. அவர்தம் துயரப் பாடல்களான ப்ளூஸும், தேவாலயப் பாடல்களும், ஊர்வல வாத்தியக் குழுக்களும் அதற்குத் தாய்வீடு. கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு அதன் நடைமுறை புதிதன்று. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் கட்டுக்குள் நின்று, வாசிப்பவர் தம் மனோதர்மத்தால் விரித்துக்கொண்டே போவதுதான் அதன் சாரம். நிரவலும் கற்பனாசுரமும் கேட்ட காதுக்கு ஜாஸ் அந்நியமாய்த் தோன்றுமானால், அது காதின் குற்றமன்று. கேட்கும் முன்னரே தீர்ப்பு எழுதிவிடும் மனத்தின் குற்றம்.

1969இல் இவ்விசையின் நிலை என்ன? ராக் இசைப் பேரலை சந்தையைக் கொண்டுபோய்விட்டது. ஜாஸுக்கென்றே வாழ்ந்த புளூ நோட் என்னும் நியூயார்க் நிறுவனம் அறுபதுகளின் நடுவில் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அதை நிறுவிய ஆல்ஃப்ரெட் லயன் விரைவிலேயே விலகிவிட்டார். (அந்த லயனும் பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் என்பதைத் தூய்மை பேசுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர்.) பெரிய நிறுவனங்கள் ஜாஸ் கலைஞரிடம் மின்கிதாரும் மின்பியானோவும் கேட்டன. மைல்ஸ் டேவிஸ் போன்ற மேதை அவற்றைக் கொண்டு பெரும் படைப்புகளை ஆக்கினார் என்பது உண்மை. ஆனால் அவ்வழி வேண்டாதவர்க்குப் போக்கிடம் குறைந்தது. கறுப்பினக் கலைஞர் பலர் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்தனர். அங்கே ஊதியம் மிகுதி என்பதற்காக மட்டுமன்று, அமர்ந்து கேட்க ஆளிருந்தது என்பதற்காகவும்.

அந்நேரத்தில்தான் மான்ஃப்ரெட் ஐகர் என்னும் இருபத்தாறு வயது இளைஞர் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். லிண்டாவ் என்னும் ஏரிக்கரை ஊரில் 1943இல் பிறந்தவர். பெர்லினில் இசை பயின்றவர். டபுள் பாஸ் வாசிப்பவர். டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்தில் ஒலிப்பதிவு உதவியாளராகப் பணியாற்றி, மேனாட்டுச் செவ்வியல் இசையைப் பதிவு செய்வோர் ஒவ்வொரு சுரத்துக்கும் காட்டும் அக்கறையைக் கண்டவர். ஜாஸுக்கும் ஏன் அதே அக்கறை கூடாது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இக்கேள்வியில் இனத் துவேஷமும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. விடுதியில் மது பரிமாறும் ஓசைக்கு நடுவே வாசிக்கப்பட்டு, கிடைத்த ஒலிவாங்கியில் பிடிக்கப்பட்டு, சந்தைக்கு வந்த இசைக்கு ஒரு மரியாதை கேட்டார்; அவ்வளவே.

அந்நிறுவனத்தின் முதல் இசைத்தட்டு யாருடையது? குற்றம் சாட்டுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மால் வால்ட்ரன் என்னும் கறுப்பினப் பியானோக் கலைஞருடையது. பெரும் பாடகி பில்லி ஹாலிடேயின் இறுதிக் காலத்தில் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் இந்த வால்ட்ரன். அமெரிக்காவை விட்டு ஐரோப்பா சென்று மியூனிக்கில் குடியிருந்தார். 1969 நவம்பர் 24ஆம் நாள் லுட்விக்ஸ்பர்க் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் மூவர் குழுவுடன் அவர் வாசித்ததே ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ என்னும் அம்முதல் தட்டு. அந்தப் பெயரின் பொருள் ‘இறுதியில் விடுதலை’ என்பது. கறுப்பின மக்களின் பழைய ஆன்மிகப் பாடலிலிருந்து வந்து, மார்ட்டின் லூதர் கிங்கின் நாவில் உலகறிந்த சொல் அது. ஆக, ஜாஸை வெளுத்துவிட்டதாகக் கூறப்படும் இல்லத்தின் தலைவாயிலில் முதல் விளக்கேற்றியவர் புலம்பெயர்ந்த ஒரு கறுப்பினக் கலைஞர்.

இனி அந்நிறுவனம் வேலை செய்த முறையைப் பார்ப்போம். ஏனெனில் அதன் செல்வாக்கு கோட்பாட்டினின்று பிறந்ததன்று, முறையினின்று பிறந்தது. பெரும்பாலும் இரண்டு நாள் பதிவு, மூன்றாம் நாள் ஒலிகளைச் சமன்செய்து முடித்தல். மாதக்கணக்கில் கூடத்தில் அமர்ந்து துண்டு துண்டாக ஒட்டும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. பதிவின்போது ஐகர் கண்ணாடிக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை போல் உட்கார்ந்திருப்பவர் அல்லர். கூட வாசிப்பவரைப் போலக் கேட்பார். வரிசையை மாற்றச் சொல்வார். குறைத்து வாசிக்கச் சொல்வார். ஆஸ்லோவில் யான் எரிக் கோங்ஸ்ஹாக் என்னும் ஒலிப்பதிவாளர் அவருக்கு வலக்கையாக வாய்த்தார். கிண்ணத்தில் குச்சி பட்டதும் எழும் ஓசை எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்பதைக் கேட்பவன் பின்தொடர முடியும்படி பதிவு செய்தவர் அவர், 2019இல் மறைந்தார். அவர்கள் வெளியிட்ட இசையை, மௌனத்திற்கு அடுத்தபடி அழகிய ஒலி என்று 1971இல் கனடா நாட்டு இதழொன்று எழுதியது. அச்சொல் அந்நிறுவனத்திற்கு அடைமொழியாகவே நிலைத்தது.

அவ்வடைமொழியே அதற்குப் பகையாயிற்று என்று நாம் கருதுகிறோம். இரசிகர் அதை வைத்து ஆராதித்தனர். எதிரிகள் அதை வைத்து ஏசினர். இருசாராரும் இசையைக் கேட்பதை விட்டுவிட்டு ஒலியைக் கேட்டனர். மேசையின் மெருகைப் புகழ்ந்துவிட்டு உணவை மறந்த விருந்தாளியின் கதை இது.

இவ்விரு சாராருக்கும் விடை சொல்ல ஓர் இரவு போதும். 1975 ஜனவரி 24. கொலோன் நகர ஓபரா மாளிகை. கீத் ஜாரெட் என்னும் அமெரிக்கப் பியானோக் கலைஞர் தனியே வாசிக்க வேண்டும். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்னும் பதின்பருவப் பெண். கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதிலாக, ஒத்திகைக்கு வைத்திருந்த சிறிய பழம் பியானோ மேடையில் நின்றது. மேல் சுரங்கள் தகரம் தட்டினாற்போல் ஒலித்தன. கீழ்ச் சுரங்களில் கனமில்லை. மிதிகட்டைகள் சரியாக வேலை செய்யவில்லை. சுருதி சேர்ப்பவர் மணிக்கணக்கில் முயன்று ஒருவாறு ஒப்பேற்றினார். ஜாரெட்டுக்கோ முதுகுவலி, உறக்கமின்மை. வாசிக்க மாட்டேன் என்றவர், அப்பெண்ணின் மன்றாட்டுக்கு இணங்கி, இரவு பதினொன்றரை மணியளவில் மேடையேறினார். மேலும் கீழும் சரியில்லாத கருவியில் நடுவிலேயே நின்றார். இடக்கையால் ஒரே சுழற்சியை விடாமல் வாசித்து அதன்மேல் கட்டினார். முன்கூட்டி எழுதிய ஒரு வரி இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முழுவதும் மனோதர்மம். ஓடாத தேரை வடம்பிடித்து இழுத்த கதைதான்.

ஒலித்தூய்மையே தெய்வம் என்று வாழ்ந்த நிறுவனமாயின் அந்தப் பதிவைக் குப்பையில் அல்லவா போட்டிருக்கும்? வெளியிட்டது. இரட்டைத் தட்டாக, சொற்ப விளக்கத்துடன், அவ்வாண்டே வெளியிட்டது. இன்றுவரை சுமார் 40 இலட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. தனிப் பியானோவுக்கு இவ்வளவு விற்பனை என்பது கேட்டறியாதது. ஆகவே இ.சி.எம். என்பது ஒலி என்று சொல்வோர், அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தட்டையே கேட்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஜாரெட்டின் கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் மின்கருவி வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1971 நவம்பரில், ஆஸ்லோவில் ஒரே நாளில் ‘ஃபேசிங் யூ’ என்னும் தனிப் பியானோத் தட்டைப் பதிவு செய்ய ஐகர் வழி செய்தார். அன்று தனிப் பியானோ யாருக்கும் வேண்டாத சரக்கு. அதற்குப் பின் 1973இல் பிரெமனிலும் லோசானிலும் வாசித்தவை மூன்று தட்டுகளாயின. கொலோன் தட்டு வந்த பிறகோ, 1976இல் ஜப்பானின் ஐந்து நகரங்களில் வாசித்தவற்றைப் பத்து இசைத்தட்டுகள் அடங்கிய பெட்டியாக 1978இல் வெளியிட்டனர். பத்துத் தட்டுகள்! பெரிய நிறுவனம் ஒன்றில் இதற்கான குறிப்பை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினால், அக்கோப்பு எத்தனை மேசைகளில் எத்தனை ஆண்டு துயின்றிருக்கும் என்பதைக் கோப்புகளோடு வாழும் நாம் நன்கறிவோம். கையொப்பமிட வேண்டியவர் ஒருவரே. அவரும் இசை வாசிக்கத் தெரிந்தவர். சுதந்திரமான நிறுவனம் என்பதன் பொருள் இதுதான்.

அதே ஜாரெட், காரி பீகாக், ஜாக் டிஜானெட் ஆகிய இருவருடன் 1983 ஜனவரியில் நியூயார்க்கில் அமர்ந்து, பழைய அமெரிக்கப் பாட்டுகளை எடுத்து வாசித்து ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்னும் வரிசையைத் தொடங்கினார். அமெரிக்க மரபை அழித்ததாகச் சொல்லப்படும் நிறுவனம் அம்மரபின் மிகப் பழைய பாடல்களை முப்பதாண்டுக் காலம் தட்டுத் தட்டாக வெளியிட்டது.

இனிக் கடினமான குற்றச்சாட்டுக்கு வருவோம். குளிர்ச்சி, பனி, ஒலிமுழக்கம் என்பனவெல்லாம் சுவை வேறுபாடு. அவற்றைப் பற்றி வழக்காடுவது வீண். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்வோம்: 1,500க்கும் மேற்பட்ட தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தில் ஒன்றைப்போலவே ஒன்று ஒலிக்கும் தட்டுகளும் இருக்கின்றன; மூடுபனிப் படமும் மெல்லிய சாக்சபோனும் இருந்தால் போதும் என்று செய்யப்பட்டவையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பிற நிறுவனங்கள் செய்த நகல்கள் இன்னும் மோசம்.

கடினமான குற்றச்சாட்டு வேறு. கறுப்பின மக்கள் ஆக்கிய கலையின் பயனை வெள்ளையர் அனுபவித்தனர் என்பது. இது கற்பனை அன்று; அமெரிக்க இசை வணிகத்தின் வரலாறே அதற்குச் சான்று. இ.சி.எம்.மின் மிகப்பெரிய வருவாய் ஈட்டிய கலைஞர்களுள் ஜாரெட்டும், கிதார் கலைஞர் பாட் மெத்தீனியும், சாக்சபோன் கலைஞர் யான் கார்பரெக்கும் வெள்ளையர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆனால் அதே நிறுவனம்தான், சிகாகோவின் தென்பகுதியில் உருவான ‘ஆர்ட் என்சம்பிள்’ குழுவை 1978இல் பதிவு செய்தது. முகத்தில் சாயம் தீட்டி, நூற்றுக்கணக்கான சிறுகருவிகளோடு மேடையேறி, ஆப்பிரிக்காவிலிருந்து அன்றுவரை வந்த தம் மக்களின் இசையனைத்தும் எமக்குரியது என்று அறிவித்தவர்கள் அவர்கள். அவர்களை மென்மையாக்க எவரும் முயலவில்லை; அத்தட்டுகளைக் கேட்போர்க்கு இது விளங்கும். ஆர்னெட் கோல்மனின் பழைய தோழர்கள் நால்வர் சேர்ந்த ‘ஓல்ட் அண்ட் நியூ டிரீம்ஸ்’ குழுவையும், டிரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தையும் எழுபதுகளின் இறுதியிலேயே அது பதிவு செய்தது. ஸ்மித்தின் பெருமையை அமெரிக்கப் பரிசுக் குழுக்கள் உணர்வதற்கு முப்பதாண்டுகள் இருந்தன. களவாடினார்கள் என்பவர், களவு கொடுத்தவர்கள் விரும்பித் திரும்பத் திரும்ப அவ்வீட்டுக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா?

எண்பதுகளில் அமெரிக்காவிலேயே ஒரு மறுமலர்ச்சி எழுந்தது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த டிரம்பெட் மேதை விண்டன் மார்சாலிஸ் அதன் தலைவர். ப்ளூஸும் ஸ்விங் என்னும் நடையும் இல்லாதது ஜாஸ் ஆகாது என்பது அவர் கட்சி. தம் முன்னோர் கலை மறக்கப்படுகிறதே என்ற அவர் கோபம் நியாயமானது. இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய கல்விப் பணியும் பெரிது. ஆனால் அவர் மூத்த ஆலோசகராக இருந்து, கென் பர்ன்ஸ் இயக்கி, 2001இல் தொலைக்காட்சியில் வந்த பத்துப் பகுதி ஜாஸ் வரலாற்றில், 1961க்குப் பின்வந்த நாற்பதாண்டுகளுக்கு ஒதுக்கிய இடம் ஒரே பகுதி! ஐரோப்பாவில் நடந்தது அவ்வரலாற்றில் நடக்காதது போலாயிற்று. குலதெய்வக் கோயிலுக்கு மதில் கட்டலாம். மதிலுக்கு வெளியே மழையே பெய்யவில்லை என்று சாதிப்பது எங்ஙனம்?

இ.சி.எம்.மின் உண்மையான செல்வாக்கு எதுவென்பதை விளங்கிக்கொள்ள, நார்வே நாட்டு யான் கார்பரெக்கைப் பார்ப்போம். 1947இல் பிறந்த இவர் பதினான்கு வயதில் வானொலியில் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுச் சாக்சபோன் பயின்றவர். தொடக்கத்தில் கோல்ட்ரேன் போலவே வாசிக்க முயன்றார். அக்காலத்து ஐரோப்பிய ஜாஸ் கலைஞர் அனைவரும் அமெரிக்கர் போல் வாசிப்பதையே தேர்ச்சி என்று எண்ணினர். அவ்வாறே ஆகியிருந்தால் கார்பரெக் நல்லதொரு நகலாக முடிந்திருப்பார். உங்கள் நாட்டுப்பாடல் என்ன ஆயிற்று என்று அவர்களைத் தூண்டியவர் யார் தெரியுமா? டான் செர்ரி. ஆர்னெட் கோல்மனோடு டிரம்பெட் வாசித்து ஜாஸின் போக்கையே மாற்றிய அந்தக் கறுப்பினக் கலைஞர் அன்று ஸ்காண்டிநேவியாவில் இருந்தார். பிறப்பிடச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் எவருக்கேனும் உண்டு எனில் அது செர்ரிக்கு உண்டு. அவரோ சான்றிதழ் கேட்கவில்லை. உன் தாய்மொழியில் பேசு என்றார். அதன்பின் கார்பரெக்கின் சாக்சபோனில் எழுந்த குரல், மலைச்சாரலில் கால்நடைகளை அழைக்கும் நார்வே ஆய்ச்சியரின் குரலை ஒத்தது என்று கேட்டோர் பலரும் கூறுவர். அதை வீட்டில் வைத்து வளர்த்தது இ.சி.எம்.

இவ்வாசல் ஒருமுறை திறந்தபின் வந்தவர்கள் வரிசை நீண்டது. பிரேசிலின் எக்பெர்டோ ஜிஸ்மாண்டி, போலந்தின் தொமாஷ் ஸ்டான்கோ, அர்ஜென்டினாவில் பாண்டோனியான் வாசிக்கும் தினோ சலூசி, துனிசியாவில் ஊது என்னும் நரம்புக்கருவி வாசிக்கும் அனுவார் பிராஹிம் எனப் பலர். செர்ரி தாமே, சித்தாரும் தபலாவும் பயின்ற அமெரிக்கர் காலின் வால்காட்டுடனும், பிரேசிலின் தாளக் கலைஞர் நானா வாஸ்கான்செலோசுடனும் ‘கோடோனா’ என்னும் மூவர் குழுவில் மூன்று தட்டுகள் தந்தார். 1984இல் கிழக்கு ஜெர்மனியில் நேர்ந்த பேருந்து விபத்தில் வால்காட் இறந்ததோடு அக்குழு முடிந்தது. இவர்களுள் எவரும் தம் ஊரை மறைத்து அமெரிக்கராக வேடமிடவில்லை. இன்று ஆஸ்லோவிலும் வார்சாவிலும் துனிசிலும் ஓர் இளைஞன் தன் பாட்டியின் தாலாட்டை ஜாஸ் மேடையில் கூச்சமின்றி வாசிக்கிறான் என்றால், அக்கூச்சத்தைப் போக்கியதில் மியூனிக் இல்லத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கே நம்மவர் வருகின்றனர். வயலின் கலைஞர் எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தையார் வி. லட்சுமிநாராயணா அங்கு இசைக் கல்லூரியில் ஆசிரியர். 1958 கலவரத்திற்குப் பின் குடும்பம் தமிழகம் திரும்பிற்று. பின்னர்ச் சங்கர் அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்று, ஜான் மெக்லாஃப்லினோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தார். மிகத் தாழ்ந்த சுரமுதல் மிக உயர்ந்த சுரம்வரை ஒருவரே வாசிக்கவல்ல, பத்து நரம்புகள் கொண்ட இரட்டை வயலினைத் தமக்கெனச் செய்வித்துக்கொண்டார்.

இவரை இ.சி.எம். 1980இல் பதிவு செய்தது. ‘கலவை இசை’ என்ற பெயரில் என்னென்னவோ சேர்த்துக் கிண்டுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம் அல்லவா? ‘ஹூஸ் டு நோ’ என்னும் அத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ராகம் தானம் பல்லவி! டிரம்ஸ் இல்லை, மின்கிதார் இல்லை. மிருதங்கம் உமையாள்புரம் கே. சிவராமன், தபலா ஜாகிர் உசேன், தாளம் போட்டவர் தந்தையார் லட்சுமிநாராயணா. ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று, கர்நாடக இசையைக் கர்நாடக இசையாகவே வெளியிட்டது. பழைய இசைத்தட்டுகளில் மூன்றரை நிமிடத்துக்குள் கிருதியைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவர். ஐரோப்பியக் கேட்பாளனுக்கு ஒரு பல்லவியை விரிவாகக் கொடுத்தால் தாங்குவானா என்ற ஐயம் ஐகருக்கு எழவில்லை. பத்தாண்டு கழித்து, ‘பஞ்ச நடைப் பல்லவி’ என்று நம் சொல்லையே தலைப்பாக்கி, விக்கு விநாயகராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபலாவோடும் இன்னொரு தட்டு வந்தது. அத்தலைப்பை உச்சரிக்க மியூனிக்கில் எத்தனைபேர் நாக்குச் சுளுக்கிக்கொண்டனரோ! மாற்றிவைக்கலாம் என்று எவரும் மாற்றவில்லை என்பதே நம் மகிழ்ச்சி.

கார்பரெக்கோடும் டென்மார்க்கின் பாலே மிக்கல்போர்க்கோடும் சங்கர் வாசித்த ‘விஷன்’ 1983இல் பதிவானது. இதைத்தான் நம் தூய்மைவாதிகள் ஏற்கமாட்டார்கள். மிருதங்கம் இல்லை, தாளக்கட்டு இல்லாத பகுதிகள் உண்டு, ராகத்தின் எல்லை சில இடங்களில் கலைகிறது. கலைகிறது என்பதை நாமும் கேட்கிறோம். ஆயினும் அங்கே வயலினின் கமகம் கமகமாகவே இருக்கிறது. கார்பரெக்கின் நீண்ட சுரம் நார்வேயின் சுரமாகவே இருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்து நகலெடுக்காமல் அருகருகே நிற்கின்றனர். நம் ஊர்த் திரையிசையிலும் மேடைகளிலும் ‘ஃப்யூஷன்’ என்ற பெயரில் டிரம்ஸ் தாளத்தின்மீது ஒரு கீர்த்தனையை ஒட்டிக் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. தூய்மைவாதியும் ஒட்டுவேலைக்காரரும் பகைவர் போல் தோன்றினும், கலை என்பது மேலுறை என்று எண்ணுவதில் இருவரும் ஒன்றே.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். விஜய் ஐயர் 1971இல் அமெரிக்காவின் ஆல்பனியில், அங்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லியில் ஆய்வுப் பட்டம். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியப் பொறுப்பு. நம் குடும்பங்களில் இத்தகைய படிப்பு முடித்த பிள்ளை பியானோ வாசித்துத் திரிவேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. இவர் தம்மைக் கறுப்பினக் கலைஞர்களின் மாணவர் என்றே சொல்லிக்கொள்கிறார்; அம்மரபுக்குத் தாம் பட்ட கடனை எங்கும் மறைத்ததில்லை. 2014 முதல் இ.சி.எம். அவர் தட்டுகளை வெளியிட்டது. ‘பிரேக் ஸ்டஃப்’ மூவர் குழுவில். ‘ஃபார் ஃப்ரம் ஓவர்’ அறுவர் குழுவில். முன்னர்ச் சொன்ன வாடாடா லியோ ஸ்மித்தோடு 2016இல் இருவராய். 2021இல் வந்த ‘அன்ஈசி’ தட்டில் டிரம்ஸ் வாசித்த டைஷான் சோரி கறுப்பினத்தவர்; பாஸ் வாசித்த லிண்டா மே ஹான் ஓ, மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அறுவர் குழுத்தட்டைப் போட்டுக் கேளுங்கள். குளிர்ச்சி என்று சொல்வோர் வாய் அடைக்கும்.

கவனிக்க: ஐயரைச் சித்தார் சேர்க்கச் சொல்லி, தலைப்புக்கு ‘கர்மா’ என்று பெயரிடச் சொல்லி, அட்டையில் தாமரை அச்சிட எந்த வணிகரும் ஆசைப்படுவர். இந்நிறுவனம் வெளியிட்ட அவர் மூவர் தட்டுகளில் அவ்வகை அலங்காரம் ஏதுமில்லை. சங்கர் பல்லவி வாசிக்க விரும்பினார், பல்லவி வந்தது. ஐயர் ஜாஸ் வாசிக்க விரும்பினார், ஜாஸ் வந்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்து, நீர் போதிய தமிழரல்லர் என்றோ, நீர் போதிய நவீனரல்லர் என்றோ சொல்ல இடமில்லை. ஊரில் கேட்கப்படும் கேள்விக்கு நம் பிள்ளைகள் இருபதாண்டு கழித்து என்ன விடை சொல்வர் என்பது நமக்குத் தெரியாது. ஐயரின் விடை ஒரு வகை. சங்கரின் விடை ஒரு வகை. நார்வேக்காரரின் விடையும் ஒரு வகைதான்.

‘சுதந்திரமாயிருந்ததால் அப்படி இருக்க முடிந்தது, ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பே சட்டமானால் அதுவும் சர்வாதிகாரம் அல்லவா’ என்பார் உளர். ஓரளவு உண்மை. பாட் மெத்தீனி 1976 முதல் எட்டாண்டு அங்கிருந்து புகழ்பெற்று, 1984க்குப் பின் விலகி வேறு நிறுவனங்களுக்குச் சென்றார். அவ்வில்லத்தின் முறை எல்லார்க்கும் ஒத்துவருவதன்று. ஆயின் விலகியவரின் பழைய தட்டுகள் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. விற்காத தட்டும் விற்கும் தட்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. கொலோன் தட்டின் வருவாய் எத்தனை விலைபோகாத தட்டுகளைத் தாங்கியது என்பதை அவர்கள் கணக்கேட்டில்தான் காண வேண்டும். 1984இல் ‘நியூ சீரிஸ்’ என்னும் செவ்வியல் வரிசையைத் தொடங்கி, எஸ்தோனியாவிலிருந்து வெளியேறிய ஆர்வோ பார்ட் என்னும் இசையமைப்பாளரை உலகறியச் செய்ததும் அந்த வருவாயே. பத்தாண்டு கழித்து, இங்கிலாந்தின் பழந்தேவாலயப் பாடகர் நால்வரோடு கார்பரெக்கின் சாக்சபோனைச் சேர்த்த ‘ஒஃபிசியும்’ பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. வணிகக் கணக்கு போட்டுப் பார்த்திருந்தால் இதனை எவரும் தொடங்கியிரார்.

நீண்ட காலம் இணையவழிக் கேட்பை இந்நிறுவனம் மறுத்தே வந்தது. தட்டு முழுமையாகக் கேட்கப்பட வேண்டிய ஒரு படைப்பு. துண்டாடக் கூடாது என்பது அதன் கொள்கை. திருட்டுப் பதிவுகள் பெருகியபின், இசை கேட்கப்படுவதே முதன்மை என்று கூறி, 2017 நவம்பரில் பட்டியல் முழுவதையும் இணையத்தில் திறந்துவிட்டது. ஆகவே தட்டு கிடைக்கவில்லை என்ற சாக்கு இப்போது நமக்கு இல்லை.

சங்கத்து இசைப்பிரிவு அன்பர்கள் ஒரு ஞாயிறு மாலை கூடுவாராயின், கேட்க வேண்டிய வரிசை இது: முதலில் மால் வால்ட்ரனின் தட்டு, அடுத்து ஆர்ட் என்சம்பிளின் ‘நைஸ் கைஸ்’, பின் சங்கரின் பல்லவி, இறுதியில் விஜய் ஐயரின் அறுவர் குழு. கொலோன் தட்டை எல்லாரும் தாமே கேட்டுக்கொள்வர்; அதற்குக் கூட்டம் வேண்டியதில்லை. பல்லவி வாசிக்கும்போது தாளம் போட விரும்புவோர் போடலாம். ஆனால் வால்ட்ரனுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.